ஓமுக்கும் ஆமாவுக்கும் இடையில்

2025 ஜனவரி 19, ஞாயிறு

நாலாவது தடவை நன்றாகத்தான் வந்தது. கடைசி வரியில் றோட்டால் ஒரு உழவு மெசின் போய் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. வினோதன் அண்ணா ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "திருப்பிச் சொல்லு பிள்ளை. மெசினுக்கும் றாப் பாட விருப்பம்போல."

அவருடைய தொழில் கலியாண வீடியோ. கிளிநொச்சியில் வீட்டின் பின்னறையில் பழைய மெத்தைகளைச் சுவரோடு சாத்திவைத்து ஒலிப்பதிவும் செய்கிறார். கிழமையில் ஆறு நாள் கார்மென்ட்டில் தையல் மெசினுக்கு முன்னால் இருக்கும் நான், ஞாயிற்றுக்கிழமைகளில் கனகராயன்குளத்தில் பஸ் ஏறி அந்த மெத்தைகளுக்கு நடுவில் போய் நிற்கிறேன். இது மூன்றாவது பாட்டு. முதல் இரண்டையும் நானே யூடியூபில் போட்டேன். கீழே எழுதியிருக்கிறார்கள்: குரல் நல்லம், ஆனால் பொம்பிளைப் பிள்ளைக்கு இது தேவையோ? தங்கச்சி இன்னும் கலியாணம் கட்டேல்லையோ? ஒன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை. வாசிக்காமல் விடவும் இல்லை.

இன்று யதுர்ஷனும் அங்கே இருந்தான். நாலு பேர் சேர்ந்து பாடுகிற அவனுடைய குழுவை வவுனியா வரைக்கும் தெரியும். "எங்கட பாட்டில கோரஸ் பாடன் சிவரூபி. பெட்டையின்ர குரல் வந்தால் கொஞ்சம் இனிமையா இருக்கும்" என்றான்.

"நான் தனியச் செய்யிறன்."

"தனியவோ?" என்று வினோதன் அண்ணாவைப் பார்த்துச் சிரித்தான்.

இனிமை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தச் சொல்லோடு ஒலி ஒத்த இன்னொரு சொல்லைத் தேடிக்கொண்டே வந்தேன். கிடைத்ததெல்லாம் கெட்ட வார்த்தைகள்.

பெப்ரவரி 2

இன்று ஒலிப்பதிவுக்கு நடுவில் அம்மா போன் எடுத்தார். நான் கதைக்காவிட்டால் விடாமல் அடித்துக்கொண்டே இருப்பார்.

"ஆமாம்மா... இல்லம்மா, இன்னும் முடியல. சோறு ஆக்கிட்டீங்களா? நீங்க சாப்புடுங்க, நான் நாலு மணி பஸ்சுல வந்துர்றேன்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் வினோதன் அண்ணா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இப்ப கதைச்சது ஆர்?"

"அம்மா."

"அம்மாவைக் கேக்கேல்லை. இங்கால கதைச்சது ஆர்? நீ இவ்வளவு நாளும் படிச்ச பாட்டு முழுக்க ஆரோ ஒரு பிள்ளை பேச்சுப்போட்டிக்குப் பாடமாக்கினமாதிரி இருக்கு. இப்ப கதைச்சது நீ. ஏன் இதில பாடுறேல்லை?"

எனக்கு முகம் சுட்டது. பிடிபட்டதுபோல. ஏன் அப்படி? களவா எடுத்தேன்?

பெப்ரவரி 3

வீட்டுக்குள் ஆமா. வேலிப் படலையைத் தாண்டினால் அதே சொல்லுக்கு ஓம். எங்கள் வீட்டில் இது பல் துலக்குவதுபோல ஒரு பழக்கம்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தாத்தாவும் பாட்டியும் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தார்களாம். இங்கே காடு வெட்டினார்கள், கிணறு வெட்டினார்கள், பிறகு யுத்தத்தில் எல்லாரோடும் சேர்ந்து ஓடினார்கள், முகாமில் இருந்தார்கள், திரும்பி வந்தார்கள். எல்லாருக்கும் நடந்ததெல்லாம் எங்களுக்கும் நடந்தது. அதற்குப் பிறகும் ஆறாம் வகுப்பில், பெரிய பள்ளிக்கூடத்தில் முதல்நாள், "ஆமா டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. பின் வாங்கிலில் இருந்து ஒருத்தன், "தோட்டக்காட்டாள்" என்றான். சாதாரணதரப் பரீட்சை வரைக்கும் அதுதான் என் பெயர்.

அன்று அழுதுகொண்டு வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னது: "வெளியில ஓம்முன்னு சொல்லு புள்ள. வீட்டுக்குள்ள எப்புடி வேணும்னாலும் பேசிக்க."

அவர் எனக்குத் தந்த குடை அது. குறை சொல்லமாட்டேன்.

பெப்ரவரி 12

எழுத வரவில்லை. அம்மாவோடு பேசுகிற மொழியைக் காகிதத்தில் வைத்தால் என்னுடைய எழுத்துப்போலவே இல்லை.

பெப்ரவரி 15

ஜெயரூபினி கேட்டாள்: "உனக்கு இதெல்லாம் எங்கயிருந்து வந்தது?" என் பக்கத்து மெசின். முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை. தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவள். சாப்பாட்டு நேரத்தில் நான் சொல்லும் வரிகளைக் கேட்கிற முதல் ஆள் அவள்தான்.

பள்ளிக்கூடத்தில் ஒருத்தியின் போனில் வெளிநாட்டுப் பெடியள் பாடிய றாப்பைக் கேட்டதில் இருந்து என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதற்கு முதலே இருந்திருக்கிறது. சாவீடுகளில் அம்மா ஒப்பாரி சொல்லுவார். செத்தவரின் பெயர், அவர் வைத்த மரம், அவர் சண்டை பிடித்த ஆள், வராமல் விட்ட மகன், எல்லாம் அந்த இடத்திலேயே வரியாக வரும், ஓசையோடு வரும். எழுதிவைத்துப் படித்ததே இல்லை. பெரிய பெரிய ஆக்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு, அடுத்த வரி என்ன சொல்லில் முடியும் என்று மனதுக்குள் பந்தயம் கட்டுவேன்.

அந்தக் குரல் என்ன மொழியில் இருந்தது? இதைக்கூட இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

பெப்ரவரி 20

வந்துவிட்டது! கொலர் தைத்துக்கொண்டிருக்கும்போது வந்தது. மறந்துபோகும் என்ற பயத்தில் வாய்க்குள் சொல்லிக்கொண்டே தைத்தேன். சூப்பர்வைசர் அக்கா, "என்ன, தேவாரமோ?" என்றார்.

கொழுந்து கிள்ளுன கை காடு வெட்டுச்சு
காடு வெட்டுன கை கெணறு தோண்டுச்சு
கெணறு தோண்டுன கைக்கு ஊரு எதுன்னு
தண்ணி குடிச்ச வாயி கேள்வி கேட்டுச்சு

மார்ச் 2

பாட்டுக்கு 'ஆமா' என்று பெயர். இரண்டே தடவையில் ஒலிப்பதிவு முடிந்தது. வினோதன் அண்ணா எழும்பிப்போய்ப் பிளேன்டீ போட்டுக்கொண்டு வந்தார். சீனி போட மறந்துபோனார்.

மார்ச் 9

வீட்டில் போட்டுக் காட்டினேன். அம்மா குசினியில் இருந்து வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டார். அக்கா போனைப் பார்ப்பதுபோல் இருந்தாள்.

அம்மாதான் முதலில் வாய் திறந்தார். "கெணறு தோண்டுனது நானுந்தான். ஒங்க அப்பா வெட்ட வெட்ட மண்ண இழுத்துப் போட்டது யாரு? சும்மா கைன்னு சொல்லிட்ட. யாரு கைன்னு சொல்லல."

அது சரிதான். அம்மாவின் பெயரை வைத்து 'வடிவம்மா கை' என்று மாற்றினால் ஓசையும் கெடவில்லை, நன்றாக இருக்கிறது.

அப்பா இன்னொரு தடவை போடச் சொன்னார். கேட்டு முடிந்ததும், "நல்லாருக்கு" என்றார். பிறகு, "இத எல்லாரும் கேப்பாங்களா?" என்றார். சந்தோசத்தில் கேட்டாரா பயத்தில் கேட்டாரா, எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 23

அக்காவைப் பொம்பிளை கேட்டுக் கஜீபன் வீட்டுக்காரர் வந்தார்கள். அக்கா படிப்பிக்கிற முன்பள்ளிக்குக் கரண்ட் வயர் இழுக்க வந்தவர்தான் கஜீபன். இரண்டு வருடமாக எங்களுக்குத் தெரியும். அவருடைய அப்பா பரமேஸ்வரன் புளியங்குளத்தில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். சொந்த ஊர் யாழ்ப்பாணம். மகனின் பிடிவாதத்துக்காக வந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் கதிரையில் இருந்த விதத்திலேயே தெரிந்தது.

தேத்தண்ணி குடித்து, வடை சாப்பிட்டு, கலியாணத்தை ஆவணியில் வைப்போம் என்று பேசி முடித்தார்கள். எழும்புகிற நேரத்தில் கஜீபனின் அம்மா மெதுவாகச் சொன்னார்: "எங்கட ஆக்கள் கேட்டால் உங்கட பூர்வீகம் வவுனியாப் பக்கம் எண்டு சொல்லுங்கோ. வேற கதை ஒண்டும் வேண்டாம். குறை நினைக்காதேங்கோ."

அப்பா, "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 24

அப்பா வேலிக்கரையில் நின்று கூப்பிட்டார். "பாட்டு நல்லாத்தான் இருக்கு புள்ள. நான் இல்லன்னு சொல்லல. கல்யாணம் முடியட்டும். அதுக்கப்புறம் நீ என்னா வேணும்னாலும் பாடு."

சரி என்றேன். என்ன சொல்ல? நிசாந்தினி அக்காவுக்கு இருபத்தெட்டு. வந்த சம்பந்தமெல்லாம் பூர்வீகம் கேட்டதும் எங்கே போனதென்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் கதைப்பதில்லை.

படுக்கப் போகுமுன் அக்கா வந்து என் தலைமாட்டில் இருந்தாள். "கோவமா?" என்றாள். இல்லை என்றேன். அது பொய்யில்லை. கோபம் வந்தால் யார்மேல் வருவதென்று பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 30

பாட்டை இப்போதைக்கு வெளியில் விடவில்லை என்று வினோதன் அண்ணாவிடம் சொன்னேன். "பாட்டு பழுதாகாது. இருக்கட்டும்" என்றார். ஆனால் அவர் முகம் விழுந்துபோனது.

மே 25

யூன் 14 கிளிநொச்சியில் யதுர்ஷன் ஆக்களின் நிகழ்ச்சி. நான் இரண்டு பாட்டுப் பாடலாம் என்கிறான், கோரஸ் இல்லாமல். பழைய இரண்டையும் பாடுகிறேன் என்றேன். வீட்டிலும் சொல்லிவிட்டேன். அப்பா, "பழசுதான?" என்று இரண்டு தரம் கேட்டார்.

யூன் 15, ஞாயிறு

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பத்துப் பதினைந்து பேர் பாடினார்கள். பெண் நான் மட்டும். உடுப்பு மாற்ற இடமில்லை. ஜெயரூபினி சால்வையைப் பிடிக்க, சவுண்ட் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று மாற்றினேன். என் நேரம் வந்தபோது யதுர்ஷன் ஓடிவந்து, "நேரம் போயிட்டுது, ஒரு பாட்டு போதும்" என்றான். சரி என்று ஏறினேன். பாட்டின் முதல் பந்தி முடிய இசை நின்றுவிட்டது. பழுதாகவில்லை, நிறுத்தினார்கள். அறிவிப்பாளர் அவனுடைய குழுவைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

நான் நடுமேடையில் நிற்கிறன். கீழே இருந்து ஒருத்தன்: "தங்கச்சி, ஆடிக் காட்டு!" இன்னொருத்தன்: "வீட்டை போய்ச் சமை!" எல்லாரும் சிரிக்கினம். ஆறாம் வகுப்புச் சிரிப்பு. அதே சிரிப்பு.

கையில் மைக் இருந்தது. அதை அவர்கள் நிறுத்தவில்லை. கொடுத்துவிட்டு இறங்கியிருக்கலாம்.

கொழுந்து கிள்ளுன கை காடு வெட்டுச்சு.

இசை இல்லாமல் சொன்னேன். காலால் பலகையில் தட்டிக்கொண்டு சொன்னேன். 'வடிவம்மா கை கெணறு தோண்டுச்சு' என்ற இடத்தில் குரல் உடையப் பார்த்தது, விடவில்லை. முழுவதையும் சொன்னேன். பல்லவியில் 'ஆமா' என்று நான் சொல்ல, இரண்டாம் தரம் கீழே இருந்தும் சிலர் 'ஆமா' என்றார்கள். கை தட்டினார்களா? நினைவில்லை. சிரிப்பு நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

இறங்கியபோது யதுர்ஷன், "இது எப்ப எழுதினனீ?" என்றான். பகிடி இல்லாமல் கேட்டான்.

அப்பாவுக்குச் சொன்ன சொல்லை மீறிவிட்டேன். வாய் தவறி வந்ததென்று சொல்லலாமா? வாய் தவறி அத்தனை வரி வராது சிவரூபி.

யூன் 17

ஜெயரூபினி போனில் பிடித்ததை முகநூலில் போட்டிருக்கிறாள். என்னைக் கேட்காமல் போட்டுவிட்டாள், பெருமையில். நான் சொன்னதும் அழுதுகொண்டு அழித்தாள். அதற்குள் யார்யாரோ எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டுவிட்டார்கள். இப்போது அதை அழிக்க யாராலும் முடியாது.

யூன் 19

பரமேஸ்வரன் ஐயா அப்பாவுக்குப் போன் எடுத்தார். "கலியாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பம்." எவ்வளவு காலத்துக்கு என்று அப்பா கேட்கவில்லை.

யூன் 20

அக்கா என்னோடு கதைக்கவில்லை.

யூன் 29

வெளிநாட்டுச் சனல் ஒன்றில் இருந்து ஒரு அக்கா போன் எடுத்தார். மேடைக் காட்சியைப் பார்த்தாராம். பேட்டி வேண்டுமாம். "முகாமில இருந்த நாளுகளைச் சொல்லுங்கோ. கொஞ்சம் அழுதாலும் பரவாயில்லை, ஆக்கள் விரும்பிப் பாப்பினம்."

"பாட்டைப் பற்றிக் கேப்பீங்களோ?"

"அதையும் கேக்கலாம்."

வேண்டாம் என்றேன். யதுர்ஷனும் கேட்டான், அந்த வரிகளைத் தன் குழுவின் பெயரில் பெரிதாகச் செய்வோமாம். அவனுக்கும் வேண்டாம் என்றேன். நேற்றுவரை என்னைக் கோரஸ் பாடச் சொன்னார்கள், இன்றைக்கு இரண்டு பக்கத்தாலும் இழுக்கிறார்கள். இந்த வீட்டுக்குள்தான் ஒருவருக்கும் என் சத்தம் வேண்டாம். அப்பா ஏசக்கூட இல்லை. ஏசினால் நல்லது.

யூலை 6

அக்கா கதைத்தாள். உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல்.

"ஒனக்குக் கை தட்டுறாங்க. என்னையக் கேட்டியா? அந்தப் பாட்டுல இருக்குறது ஒன்னோட கத மட்டுமா? என்னையும் சேத்துத்தான் மேடையில ஏத்துன."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சும் பாடுன."

ஆமா என்றேன். வேறு சொல் இல்லை.

நான் இத்தனை நாளும் அந்தச் சிரிப்பு எனக்கு மட்டும் நடந்ததுபோல எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா எனக்கு ஐந்து வருடம் முந்தி அதே பள்ளிக்கூடத்துக்குப் போனவள். அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? ஒருநாளும் கேட்கவில்லையே. ஏனடி சிவரூபி கேக்கேல்லை?

யூலை 20

அக்கா காலையில் புளியங்குளம் போனாள். மத்தியானம் திரும்பிவந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், அம்மாவையும் அப்பாவையும் என்னையும் இருக்கச் சொன்னாள்.

கஜீபனைச் சந்தித்தாளாம். அவர், "அம்மாவுக்கு நான் விளங்கப்படுத்துறன், கொஞ்சம் பொறு. தங்கச்சியை இனி அதைப் பாட வேண்டாமெண்டு மட்டும் சொல்லு" என்றாராம்.

"நான் கேட்டேன், அவ பாடலன்னா நான் வேற ஆளா ஆயிருவேனா? இன்னைக்குப் பாட்ட ஒளிக்கச் சொல்றீங்க. நாளைக்கு எங்க அம்மா ஒங்க வீட்டுக்கு வந்து வாயத் தொறந்தா அவுங்களையும் ஒளிப்பீங்களான்னு கேட்டேன்."

"அதுக்கு அவரு என்னா சொன்னாரு?" அம்மா.

"யோசிச்சுட்டுச் சொல்லுங்கன்னு வந்துட்டேன்."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். நான் அக்காவின் கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டாள்.

"ஒனக்காகக் கேக்கல. ஒன்மேல கோவம் இன்னும் அப்புடியேதான் இருக்கு."

இருக்கட்டும். அது எனக்கு வர வேண்டியதுதான்.

ஓகஸ்ட் 3

மாற்றிய வரியோடு திரும்பப் பாடிய 'ஆமா'வை யூடியூபில் போட்டுவிட்டேன். இம்முறை கேட்டுவிட்டுப் போட்டேன். அக்கா, "போடு, இனி ஒளிக்க என்னா இருக்கு?" என்றாள். அப்பா கேட்பதற்கு என் போனை வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

கீழே வழக்கம்போல எழுதுகிறார்கள். பிரிவினை கிளப்புகிறாள் என்று ஒருவர். இது தமிழே இல்லை என்று ஒருவர். மல்லாவியில் இருந்து ஒரு பெண்: "எங்க அம்மாவும் கெணறு வெட்டுன ஆளுதான். அவுங்களுக்குப் போட்டுக் காட்டுனேன். மறுபடியும் போடச் சொன்னாங்க." முதல்முறையாக ஒரு கருத்துக்குப் பதில் எழுதினேன். அம்மாவின் பெயர் என்னவென்று கேட்டேன்.

ஓகஸ்ட் 10

கஜீபன் வந்தார், தனியாக, மோட்டார்சைக்கிளில். அப்பாவுக்கு முன்னால் நின்றபடியே சொன்னார்: "வீட்டில சொல்லிப்போட்டன். ஒண்டையும் ஒளிக்கச் சொல்லி இனி ஒருத்தரும் உங்களைக் கேக்க மாட்டினம். அம்மா வரமாட்டா. அப்பா வருவார் எண்டு நினைக்கிறன். நீங்கள் சம்மதிச்சால் கலியாண எழுத்தை வைப்பம்."

அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணியோடு வந்து, அவருக்கு முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இருந்து குடிங்க."

செப்டெம்பர் 7, ஞாயிறு

அக்காவின் கலியாண எழுத்து இன்று எங்கள் முற்றத்தில் நடந்தது. பதிவாளர் சுணங்கி வந்தார். கஜீபனின் அம்மா வரவில்லை. அக்கா நாள் முழுவதும் இரண்டு மூன்று தரம் படலையைப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. பரமேஸ்வரன் ஐயா வந்தார். அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டார், மரக்கறியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். வினோதன் அண்ணா வீடியோ எடுத்தார், ஜெயரூபினி என்னோடு பரிமாறினாள்.

சாப்பாடு முடியும் நேரத்தில் பரமேஸ்வரன் ஐயா என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, அந்தப் பாட்டை நானும் கேட்டனான். நீ வேகமாச் சொல்லுறதால பாதி விளங்கேல்லை. ஒருக்கா இதில பாடு பாப்பம்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். வினோதன் அண்ணா கமெராவையும் திருப்பிவிட்டார். தொண்டையில் முதல் சொல் வந்து நின்றது. நான் அக்காவைப் பார்த்தேன்.

பரமேஸ்வரன் ஐயாவுக்கும், கஜீபனின் கூட்டாளிமாருக்கும், பதிவாளருக்கும் கேட்கத்தக்கதாக, வீட்டுக்குள் என்னை அதட்டுகிற அதே பேச்சில் அக்கா சொன்னாள்:

"இன்னைக்கு வேணாம்டி. இன்னைக்கு என்னோட நாளு. நீ போயி மாமாவுக்குப் பாயாசத்த ஊத்து."

நான் பாயாச வாளியைத் தூக்கினேன். அவருடைய இலையில் இருந்து தொடங்கி, கடைசிப் பந்தி முடியும்வரை நானே ஊற்றினேன்.